முதுகில் தட்டும் கியர்

என் முதல் கார் எனக்கு வந்தபோது அதற்குப் பதினொரு வயது. எனக்கு முப்பத்து மூன்று. பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. வெள்ளை நிறம், நீண்ட மூக்கு, முன்பக்கம் முழுவதற்கும் ஒரே இருக்கை. எண்பதுகளின் பின்பாதியில் பினாங்கில் எங்கள் வசதிக்கு எட்டிய கார்களில் ஓட்டோ கியர், அதாவது தானாகவே மாறும் கியர், உள்ளதாகக் கிடைத்தது அது ஒன்றுதான். எனக்கோ ஓட்டோவைத் தவிர வேறு எதுவும் ஆகாது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் என் இடது காலைச் சூம்ப வைத்திருந்தது. இரும்புப் பட்டை வைத்த சப்பாத்தும் ஒரு கைத்தடியும் இருந்தால் எங்கும் நடப்பேன். ஆனால் கிளட்ச் மிதிக்க அந்தக் கால் உதவாது.

நான் பாலிக் புலாவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். வீடு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில். தீவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ஏறி இறங்க வேண்டும். கார் வருவதற்கு முன் இரண்டு பேருந்து மாறித்தான் போய்க்கொண்டிருந்தேன். மலைப்பாதை வளைவுகளில் பேருந்து சாயும் ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து எனக்கு இடம் தருவார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கே நன்றி சொல்லத் தொடங்கி மாலை வரை சொல்லிக்கொண்டிருப்பது ஒரு களைப்பு. கார் வந்த பிறகு அந்தக் களைப்பு போயிற்று. இப்போது மற்றவர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

அந்த மற்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனையியல் கற்பித்த அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மடிப்புக் கலையாத சேலை. முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து அதன் மூடியில் தேநீர் ஊற்றி, மலை ஏறும் நேரம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவார். மற்றவர் விளையாட்டு ஆசிரியர், மலாய்க்காரர். அவரைச் சிகு என்றே கூப்பிடுவோம். ஆசிரியரை மலாயில் அப்படித்தான் சொல்வது. நல்ல உயரம், அதற்கேற்ற எடை. பின்னிருக்கை முழுவதும் அவருக்கே. ஏறிய ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுவார்.

அந்தக் காருக்கு மூன்று கியர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது யாருக்கும் தெரியாது. பாலில் சீனி கரைவதுபோல மாறும். எனக்கு அதில் பெருமை. என் கணவர்கூட, துறைமுக அலுவலகத்துக்குத் தினமும் மோட்டார் சைக்கிளில் போகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கப்பல்ல போற மாதிரி இருக்கு" என்பார்.

ஒரு வருடம் போனதும் கப்பல் தள்ளாடத் தொடங்கியது. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மாதத்துக்கு மாதம் நீண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாதி மலையில், கொண்டை ஊசி வளைவு ஒன்றைத் திரும்பியதும் வேகம் வரவே இல்லை. எஞ்சின் அலறியது. கார் அங்கேயே நின்றது. இன்னும் மிதித்தேன். இன்னும் அலறியது. பிரேக்கைத் தளர்த்தினால் பின்னால் உருண்டது.

அக்கா தேநீர் மூடியைக் கீழே வைத்தார். "இப்ப என்ன செய்யிறது?"

பின்னால் சிகு விழித்துக்கொண்டு, பள்ளி வந்துவிட்டது என்று நினைத்துக் கதவைத் திறந்தார்.

இருவரும் இறங்கினார்கள். சிகு பின்னாலிருந்து தள்ள, அக்கா கைப்பையோடு பக்கத்தில் நடக்க, கார் எறும்புபோல ஏறியது. எங்களைக் கடந்துபோன பள்ளிப் பேருந்தின் சன்னல்களில் எல்லாம் என் நான்காம் படிவ மாணவர்களின் முகங்கள். அன்று வகுப்புக்குள் நுழைந்தபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், சிகு ரொம்ப நல்லா ஓடுறார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து இரும்புப் பட்டையைக் கழற்றும்போது கண் கலங்கியது. மறுபடியும் பேருந்தா?

கணவர் சொன்னார்: "காடிய வித்துடலாம்லா. நீ டவுனுக்கு மாத்தல் கேட்டு எழுது. குடுப்பாங்க."

கேட்டால் கொடுப்பார்கள்தான். என் காலைக் காட்டிக் கேட்டால் உடனே கொடுப்பார்கள். அதனால்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

"முதல்ல ஃபோர்மென்கிட்ட காட்டிட்டு வரேன்" என்றேன். எங்கள் ஊரில் கார் பழுது பார்ப்பவரை ஃபோர்மென் என்றுதான் சொல்வோம்.

முதலில் பார்த்த ஃபோர்மென் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "ஓட்டோ கியர் எல்லாம் சூசா, ரொம்பக் கஷ்டம் டீச்சர். ரிப்பேர் பண்ண ஆளில்ல. கழட்டிப் போட்டுட்டு கை கியர் மாட்டிரலாம். கிளட்ச் மிதிச்சு ஓட்டுறதுதான் உண்மையான ஓட்டு."

நான் கைத்தடியை இடது சப்பாத்தின் இரும்பில் லேசாகத் தட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிக்குங்க டீச்சர்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, அடுத்த லோரோங்கில் ஒருவர் இருக்கிறார், ஓட்டோ என்றால் அவருக்கு உயிர் என்று வழி காட்டினார்.

அடுத்த சந்தில் இருந்தவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். தமிழ்க் கத்தோலிக்கர், பட்டறைச் சுவரில் அந்தோணியார் படமும் அதற்குக் கீழே அளவு வாரியாகத் தொங்கிய ஸ்பானர்களும். தட்டுமுட்டுச் சாமான் ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை. அதிகம் பேசாதவர்போல இருந்தார். கியர் எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க டீச்சர்."

கருகிய நிலக்கடலை வாசம்.

"இது செவப்பா இருக்கணும். காப்பி மாதிரி ஆயிருச்சு. உள்ள தட்டெல்லாம் வெந்து போச்சு."

"ஏன் தம்பி? நான் மெதுவாத்தானே ஓட்டுறேன்?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் பேசத் தொடங்கினார். "நீங்க மெதுவா ஓட்டுறீங்க. ஆனா அது மெதுவா மாறுதே, அதான் வெனை. உள்ள தட்டு தட்டா அடுக்கியிருக்கும். எண்ணெ வந்து அழுத்தினா ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும். உக்காந்திருக்கிறவங்களுக்கு ஆட்டம் தெரியக்கூடாதுன்னு எண்ணெய சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சமா விடுறாங்க. அது முழுசா ஒட்டுற வரைக்கும் தட்டு வழுக்கிக்கிட்டே இருக்கும்." இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வேகமாகத் தேய்த்தார். "நீங்களும் தேச்சுப் பாருங்க."

தேய்த்தேன். சுட்டது.

"சம தரையில பரவால்ல. தினம் ரெண்டு தரம் மலை, மூனு ஆளு. சூடு தாங்காது." பிறகு கைகளை விலக்கி ஒரே தட்டாகத் தட்டினார். "இப்படி டப்புன்னு பிடிச்சா சூடு ஏது?"

நான் நான்காம் படிவ அறிவியல் ஆசிரியை. அழுத்தம், பரப்பு, உராய்வு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள். அதை ஒருவர் இரண்டு கைகளால் சொல்லி முடித்தது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"அப்ப அந்த ஓட்டையைப் பெரிசாக்கினா?"

அவர் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதேதான். ஓட்டையப் பெரிசாக்கணும், ஸ்ப்ரிங்க கெட்டியா போடணும், தட்டு கூட ஒன்னு அடுக்கணும். அதுக்குன்னே ஒரு பெட்டி வருது, சிங்கப்பூர்ல சொன்னா அனுப்புவாங்க. ஆனா ஒன்னு. அப்புறம் இந்த சொகம் இருக்காது. ஒவ்வொரு கியருக்கும் முதுகுல ஒரு தட்டு தட்டும்."

"முதுகுல தட்டினா பரவாயில்ல தம்பி. நடு மலையில எறக்கி விடாம இருந்தா போதும்."

பெட்டி வந்தது. பாடநூல் அளவுதான். உள்ளே பல நிறங்களில் ஸ்ப்ரிங்குகள், பச்சைப்பட்டாணியைவிடச் சிறிய இரும்புக் குண்டுகள், நான்கு பக்க ஆங்கிலக் காகிதம். சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போனபோது அவர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"படம் புரியுது டீச்சர். எழுத்துதான் இடிக்குது. படிச்சுச் சொன்னா ரொம்ப நேரமாகுமோ உங்களுக்கு?"

ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, அவர் செய்தார். கியர்பெட்டிக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியத் துண்டு வந்தது. அதன் முகம் முழுவதும் வளைந்து வளைந்து பள்ளங்கள், எறும்புப் புற்றை நெடுக்காக வெட்டிப் பார்த்ததுபோல. எண்ணெய் ஓடும் பாதைகள் அவை. எது எங்கே போக வேண்டும் என்று அந்த எண்ணெயே முடிவு செய்து கியரை மாற்றுகிறதாம். இத்தனை நாள் என் இடது காலுக்குப் பதிலாக வேலை செய்தது இதுதானா என்று நினைத்து, கொஞ்ச நேரம் படிக்க மறந்துவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி வந்தது. "மூனு விதமா செய்யலாமாம். ஒன்னு சாதாரண ஓட்டத்துக்கு, ஒன்னு பாரம் இழுக்க, ஒன்னு பந்தயத்துக்கு."

அவர் கண் ஒரு கணம் மின்னியது. "பந்தயத்துக்கு என்ன போட்டிருக்கு?"

"அது வேணாம் தம்பி. நான் டீச்சர்."

"சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்றார். ஆனாலும் அந்தப் பத்தியை முழுதாகப் படிக்க வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பாரம் இழுப்பதற்கான ஸ்ப்ரிங்கைக் கையில் எடுத்தார்.

மதியத்துக்குச் சற்று முன் ஆபத்து வந்தது. குண்டுகளில் ஒன்றைக் காணவில்லை. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. அது இல்லாமல் மூட முடியாது. அதே அளவுக் குண்டு பினாங்கில் கிடைக்காது. அவர் மேசைக்கு அடியில் தவழ்ந்தார், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தார், கால்சட்டை மடிப்பைக் குலுக்கினார். நானும் எழுந்து தடியை ஊன்றிப் பட்டறை முழுவதும் சுற்றி வந்தேன். அந்தோணியாரிடம் அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

மூன்றாவது சுற்றில் அவர் தலையை நிமிர்த்தினார். "டீச்சர், நில்லுங்க. ஒங்க தடிச் சத்தம் வேற மாதிரி கேக்குது."

கைத்தடியின் அடியில் ரப்பர் மூடி உண்டு. அது சிமென்டில் ஊன்றினால் 'தொப்' என்று கேட்கும். இப்போது 'டிக்' என்று கேட்டது. தூக்கிப் பார்த்தோம். கிரீஸ் அப்பிய ரப்பரில், மூக்குத்திபோலப் பதிந்து உட்கார்ந்திருந்தது ஆறாவது குண்டு. இதைத் தேடித்தான் அரைமணி நேரமாக இதையே சுமந்துகொண்டு நடந்திருக்கிறேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை வண்டி தயார். வெந்த தட்டுகளுக்குப் பதில் புதியவை, கூடவே ஒரு தட்டு அதிகம். முன்பக்கம் எண்ணெயைக் குளிர வைக்க ஒரு சின்ன ரேடியேட்டர். என் கணவரும் வந்திருந்தார். நான் எஞ்சினை முடுக்கிக் கியர்க் கோலை ஓட்டத்துக்கு இழுத்தேன். 'டக்'. கார் ஒரு முறை குலுங்கியது. வேகம் எடுத்ததும் இரண்டாம் கியர், 'டக்'. மூன்றாவது, 'டக்'. ஒவ்வொன்றும் யாரோ பின்னாலிருந்து முதுகில் தட்டி, போ போ என்பதுபோல.

கணவர் இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். "காடிக்கு நம்ம மேல என்ன கோவம்?"

"கோவம் இல்ல. முடிவு எடுக்கக் கத்துக்கிச்சு" என்றேன். எனக்கு அந்தத் தட்டு முதல் நாளே பிடித்துவிட்டது.

மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை ஆயர் ஈத்தாம் சந்தையைத் தாண்டும்போதே இரண்டாம் கியர் தட்டியது. அக்காவின் மூடியிலிருந்த தேநீர் அப்படியே எழும்பி மாம்பழ நிறச் சேலையில் விழுந்தது.

"என்ன பிள்ளை இது! காருக்குள்ள ஆரோ இருந்து உதைக்கிற மாதிரிக் கிடக்கு!"

பின்னால் சிகுவின் தலை ஒவ்வொரு கியருக்கும் முன்னே போய்ப் பின்னே வந்தது. அன்றுதான் முதன்முறையாக அவர் விழித்தபடியே மலையைப் பார்த்தார். "இங்கே இவ்வளவு கிராம்பு மரம் இருக்கிறதா?" என்று மலாயில் கேட்டார். பத்து வருடமாக அந்த வழியில் போய்வந்தவர்.

அந்த வாரம் முழுவதும் அக்கா தேநீர் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து என்னிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார்கள்: ஃபோர்மெனிடம் சொல்லி, கொஞ்சமாவது பழையபடி மெதுவாக மாற்றித் தரக்கூடாதா? மலை நன்றாகத்தான் ஏறுகிறது, ஆனால் முதுகும் சேலையும் தாங்கவில்லை. கார் என்னுடையது, ஆனால் அவர்கள் என் நண்பர்கள். எனக்குத் தர்மசங்கடம். டுரியான் பழப் பருவம் முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

டுரியான் பருவத்தைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சிகுவின் மாமனாருக்குப் பாலிக் புலாவில் தோட்டம். வருடம் ஒருமுறை எங்களைக் கூப்பிட்டு, போகும்போது பழமும் கட்டிக்கொடுப்பார். அந்த வருடம் காய்ப்பு அதிகம். சனிக்கிழமை மதியம் நாங்கள் புறப்பட்டபோது காரின் பின்பெட்டி மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினோம். பின்னிருக்கையில் சிகு, அவருடைய மனைவி, இருவருக்கும் நடுவே ஒரு கூடை. முன்னால் அக்காவின் காலடியில் இன்னொரு கூடை; முள் குத்தாமலிருக்கக் கால்களை இருக்கைமேல் மடக்கி, பூசைக்கு உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

ஏறத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில், நெட்டுக்குத்தான ஏற்றத்தில், முன்னால் போன லோரி நின்றுவிட்டது. அதன் பின்னால் நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பேருந்து, அதற்குப் பின்னால் வரிசை. லோரிக்காரர் கையை வெளியே நீட்டி, சுற்றிப் போ என்று சைகை காட்டினார். எதிரே வண்டி இல்லை. ஆனால் நின்ற இடத்திலிருந்து, அத்தனை பாரத்தோடு, ஈரச் சாலையில், வளைவுக்கு மேலே ஏற வேண்டும். பழைய நாளில் இதில் பாதி மேட்டில்தான் கார் என்னைக் கைவிட்டது.

பின்னால் கதவுக் கைப்பிடி அசையும் சத்தம் கேட்டது. சிகு பழக்கத்தில் இறங்கத் தயாராகிவிட்டார். அக்காவும் ஒரு காலைக் கீழே விட்டு, முள் குத்தி, மறுபடி தூக்கிக்கொண்டார்.

"யாரும் எறங்க வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரல்போலக் கேட்டது.

கியர்க் கோலை முதல் கியருக்கு இழுத்தேன். 'டக்'. பிரேக்கிலிருந்த காலை எடுத்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எஞ்சின் சத்தமும் கார் நகர்வதும் ஒரே கணத்தில் நடந்தன. நடுவே இடைவெளியே இல்லை. லோரியைச் சுற்றி, வளைவைப் பிடித்து, மேலே போனோம். சரிவு குறைந்த இடத்தில் இரண்டாம் கியருக்கு விட்டேன். அது தட்டிய தட்டில் பின்பெட்டியில் டுரியான்கள் உருண்டன, அக்காவின் கூடையிலிருந்து ஒன்று அவர் மடியில் ஏறியது. அவர் அலறவில்லை. அதைத் திரும்பக் கூடையில் வைத்துவிட்டு, மழை வழிந்த கண்ணாடியைப் பார்த்தபடி, "நல்லாத் தட்டட்டும் பிள்ளை" என்றார். "ஃபோர்மெனிட்ட ஒண்டும் சொல்ல வேண்டாம்."

சிகுவின் மனைவி கைதட்டினார். கேபிள் ரயில் ஏறுவதுபோல இருந்தது என்றார்.

அதன்பிறகு யாரும் விண்ணப்பம் வைக்கவில்லை. அக்கா கியர் மாறும் இடங்களை மனப்பாடம் செய்துவிட்டார். சந்தைக்கு முன் ஒரு மடக்கு, கோயில் தாண்டி இரண்டு மடக்கு. சிகு மட்டும் தூக்கத்தை இழந்தவர் இழந்தவர்தான். டுரியான் வாசம் இருக்கைத் துணியைவிட்டுப் போக ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அந்த மாதம் முழுவதும் என் கணவர் மோட்டார் சைக்கிளைத்தான் விரும்பினார்.

ஃபோர்மெனுக்கு அந்த வேலையால் பெயர் வந்தது. எங்கிருந்தெல்லாமோ ஓட்டோ கார்கள் ஜெலுத்தோங்குக்கு வந்தன. புதிய பெட்டி வரும்போதெல்லாம் பள்ளிக்குத் தொலைபேசி வரும்: "டீச்சர், இன்னொன்னு வந்திருக்கு. இதுல எட்டுப் பக்கம்." சனிக்கிழமைகளில் போய்ப் படித்துக்கொடுப்பேன். எனக்கென்று ஒரு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஒரு மருத்துவர், நான் அங்கே வேலை செய்கிறவள் என்றெண்ணி, எவ்வளவு நாளில் முடியும் என்று என்னிடமே கேட்டார். இரண்டு சனிக்கிழமை என்று நானும் சொன்னேன். அப்படியே முடிந்தது.

ஒருமுறை பிணம் ஏற்றும் கார் ஒன்று வந்தது. பழைய பெரிய ஓட்டோ. மலைமேல் உள்ள கல்லறைக்கு ஏற மாட்டேன் என்கிறதாம். ஃபோர்மென் காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு யோசனையில் ஆழ்ந்தார்.

"டீச்சர், எது போடலாம்? பாரத்துக்கா, சாதாரணமா?"

"பின்னால இருக்கிறவங்களுக்கு ஆட்டம் தெரியக்கூடாதே தம்பி."

"அவங்களுக்கு என்ன தெரியப் போவுது? கூட உக்காந்திருக்கிற சொந்தக்காரங்களத்தான் யோசிக்கிறேன்."

நீண்ட நேரம் விவாதித்தோம். கடைசியில் தட்டை மட்டும் ஒன்று கூட்டி, ஓட்டைகளைப் பெரிதாக்காமல் விட்டோம். காரின் உரிமையாளர் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, திருப்தியோடு எங்கள் இருவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு நான் என் காரில் ஏறி, பசாரில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.